கடிகாரமும் குறிப்பறிதலும்

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்னும் அதிகாரத் தலைப்பு இருமுறை வருகிறது. பொருட்பாலில் 71ஆம் அதிகாரம்; காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரம். முன்னது அரசனின் முகக்குறிப்பை அவையில் இருப்போன் அறிவது. பின்னது காதலர் ஒருவர் பார்வையை ஒருவர் அறிவது. சொல்லாததை அறியும் ஆற்றல் ஆட்சிக்கும் உதவும், அன்புக்கும் உதவும். இன்று அவ்வாற்றலை ஒரு கருவிக்கு வழங்கி, அதைக் கையில் கட்டிக்கொண்டிருக்கிறோம். திறன் கடிகாரம் என்பது அதன் பெயர். நாளைய கடிகாரம் என்னென்ன செய்ய வேண்டும் என்று கற்பனை செய்யப் புகுவோர், அதன் குறிப்பறிதல் எவ்வகையினது என்ற வினாவையும் உடன் எழுப்புதல் வேண்டும்.

நேரம் எக்காலத்தும் எளியோர் கையில் இருந்ததில்லை. தோட்டப்புறத்தில் நம் முன்னோரின் வைகறையைப் பிரட்டு மணியே தீர்மானித்தது. ஜார்ஜ் டவுனில், விக்டோரியா அரசியின் அறுபதாண்டு ஆட்சியின் நினைவாக, சியா சென் இயோக் என்னும் செல்வரின் கொடையால் அறுபது அடி உயரத்தில் எழுந்து 1902இல் நிறைவுற்ற மணிக்கூண்டு இன்றும் நிற்கிறது. ஜப்பானியர் ஆட்சியில் மலாயா தோக்கியோவின் நேரப்படி விழித்தது. 1981 டிசம்பர் 31ஆம் நாள் இரவு 11.30 மணி, தீபகற்ப மலேசியாவில் ஒரு நொடியில் 12 மணி ஆயிற்று. அந்த அரைமணி எங்கே போயிற்று என்று மாணவர் கேட்டால் ஆசிரியர் சற்றுத் திணறவே செய்வார்! கைக்கடிகாரம் வாங்க முடிந்த பிறகுதான் தொழிலாளி தன் வேலைநேரத்தைத் தானே கணக்கிட்டான். சிறிய விடுதலைதான், ஆயினும் விடுதலை. அன்று மனிதன் கடிகாரத்தைப் பார்த்தான். இன்றோ கடிகாரம் மனிதனைப் பார்க்கிறது.

சித்த மருத்துவர் மூன்று விரல் வைத்து நாடி பார்த்த மணிக்கட்டில் இப்போது பச்சை ஒளி மின்னுகிறது. குருதி பச்சை ஒளியை உறிஞ்சுவதால், திரும்பிவரும் ஒளியின் ஏற்றத்தாழ்வைக் கொண்டு துடிப்பு எண்ணப்படுகிறது. ஆனால், தோலின் கருநிறமியும் ஒளியை உறிஞ்சும். விரல்நுனியில் மாட்டி உயிர்வளி அளக்கும் கருவிகள், வெள்ளையரைவிடக் கறுப்பினத்தாரிடம் ஏறத்தாழ மும்மடங்கு அதிகமாகக் குறைபாட்டைத் தவறவிட்டன என்று 2020இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு காட்டியது. அவை வேறு கருவிகள், வேறு ஒளி. எனினும் கரிய மணிக்கட்டிலும் பொய்யுரையாத கடிகாரம் வேண்டும் என்று நாம் கேட்பதற்கு அது போதிய காரணம். ஊசி குத்தாமல் குருதிச் சர்க்கரையை அளக்கும் கடிகாரமும் வேண்டும். மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வுப்படி பெரியோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரிடையே விகிதம் இன்னும் கூடுதல். அவ்வாறு அளப்பதாகச் சொல்லி விற்கப்படும் கடிகாரங்களை நம்ப வேண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. ஆகவே அது இன்னும் கனவே.

இனி, பாலிக் புலாவை எண்ணிப் பார்ப்போம். 'தீவின் பின்புறம்' என்பது அம்மலாய்ப் பெயரின் பொருள். பினாங்கு மலைத்தொடருக்கு மேற்கே, சரிவெங்கும் டுரியானும் சாதிக்காயும் கிராம்பும் விளையும் ஊர். அங்கே எழுபது வயதுத் தாய் ஒருத்தி தனியே வாழ்கிறாள் என்று கொள்வோம். மகன் மலைக்கு அப்பால், 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரத்தில் மின்னணுத் தொழிற்சாலையில் பணிபுரிகிறான். பழப்பருவத்தில், விழுந்த டுரியானைத் தேடிச் சரிவில் இறங்கும் தாய் வழுக்கி விழுந்தால், கடிகாரம் மகனுக்குச் செய்தி அனுப்பும். இதைவிட நற்பயன் வேறென்ன? ஆனால் அதே கடிகாரம், அவள் இரவில் எத்தனை முறை விழித்தாள், எப்போது வெளியே போனாள் என்பதையும் சொல்லிவிடக்கூடும். பிள்ளை வருந்தக்கூடாதென்று தன் நோவை மறைக்கும் தாயின் மௌனம் பொய்யா, பண்பா? பண்பே என்பது என் கருத்து. மகனின் ஆவல் அன்பிலிருந்து பிறந்ததுதான். எனினும், அவன் உறக்கம் கெட்ட இரவுகளைத் தாய் அறிவதில்லையே! காதலரின் குறிப்பறிதலில் இருவரும் பார்க்கின்றனர்; இங்கே ஒருவர் மட்டுமே பார்க்கிறார்.

வீட்டுக்கு வெளியே நிலைமை இன்னும் கடிது. வள்ளுவரின் அவையில் பணிபுரிவோன் ஆள்வோனின் குறிப்பை அறிந்தான். இன்று அது தலைகீழாகிறது. கிடங்குத் தொழிலாளரின் கை எங்கே இருக்கிறது என்று தொடர்ந்து அறியும் கைப்பட்டைக்கு அமேசான் நிறுவனம் 2018இல் காப்புரிமை பெற்றது. காப்புரிமை பெற்றவையெல்லாம் நடைமுறைக்கு வருவதில்லை. ஆயினும் எண்ணம் ஓடும் திசை தெரிகிறது. ஜான் ஹான்காக் என்னும் அமெரிக்கக் காப்புறுதி நிறுவனம், நடையையும் துடிப்பையும் பகிர்வோருக்குச் சலுகை தரும் முறையைத் தன் ஆயுள் காப்புறுதிகள் அனைத்துக்கும் விரித்ததும் அதே ஆண்டில்தான். நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பெற்று 2013இல் நடைமுறைக்கு வந்தது. அது கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்துவதில்லை.

ஆதலால் நான் கற்பனை செய்யும் கடிகாரம், அறிந்ததைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும். மலை கடந்து அனுப்பாது. விழுந்தால் யாருக்குச் சொல்வது என்பதை, நினைவு தெளிவாக இருக்கும்போதே அணிந்தவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளும். மகன் தாயின் துடிப்பைப் பார்த்தால், பார்த்தான் என்பதைத் தாய்க்கு அறிவித்து, அவன் துடிப்பையும் அவளுக்குக் காட்டும். வேண்டியபோது கண்ணை மூடிக்கொள்ளும்.

மூடிய வேளையில் அவள் விழுந்தால் என்செய்வது என்று கேட்கலாம். விழக்கூடும்தான். அவ்விடரை எந்தப் பொறியும் நீக்காது. வாழ்நாளெல்லாம் அச்சரிவில் இறங்கி ஏறியவளுக்கு, அதை அளந்து ஏற்கத் தெரியும். மூடும் பொத்தானை எங்கே வைப்பது என்பதை மட்டும் பொறியியலார் அவளிடமே கேட்டறியட்டும். மங்கிய கண்ணுக்குத் தெரியும்படி, காய்ப்பேறிய விரலுக்கு எட்டும்படி.