விரிப்பு போர்வையாகும்போது

ஒரு பொருள் தன் வடிவை இழந்து இன்னொரு பொருளாக மாறும்போது, முன்பு அதில் ஒட்டியிருந்த உரிமையும் மதிப்பும் தீட்டும் புதிய பொருளையும் தொடர்ந்து வருமா என்பது இந்தியத் தத்துவ மரபுகள் நெடுங்காலம் வாதிட்ட வினாவாகும். படுத்துப் பழகிய பெட்ஷீட்டை வெட்டி ஒட்டுப்போர்வை தைக்கும் எளிய வீட்டுவேலையிலும் இவ்வினா அடங்கியிருக்கிறது. ஒட்டுப்போர்வை என்பது, துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவே பஞ்சோ பழந்துணியோ கொண்ட பரப்பு, கீழே ஓர் அடித்துணி ஆகிய மூன்று அடுக்குகளையும் நெடுக நூலோட்டம் போட்டுப் பிணைத்த போர்வையாகும். வங்காளத்தின் காந்தா, பீகாரின் சுஜனி, மராட்டியத்தின் கோதடி ஆகியவை பழந்துணிகளை அடுக்கித் தைக்கும் இம்மரபைச் சேர்ந்தவை.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டி, ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில், அஞ்சுநாடு எனப்படும் ஐந்து ஊர்களுள் ஒன்றாக அமைந்த காந்தலூர் போன்ற மலையூர்களில் போர்வை அலங்காரப் பொருளன்று. பூண்டும் காய்கறியும் விளையும் அந்தப் படிக்கட்டு வயல்களின் குளிருக்கு அது இன்றியமையாத தேவை. மறையூர், சின்னாறு வழியாக மலையிறங்கி உடுமலைப்பேட்டையை அடைந்தால் கொங்கு நாட்டு நெசவுப் பரப்பு தொடங்குகிறது. சென்னிமலையின் கைத்தறிப் பெட்ஷீட்டும் கரூரின் ஏற்றுமதி விரிப்பும் அப்பரப்பின் அடையாளங்கள். ஆகவே மலையின் தேவையையும் சமவெளியின் துணியையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பதற்கு இவ்வெல்லைப் பகுதி பொருத்தமான இடமாகிறது.

படுத்தெழுந்த விரிப்பைத் தமிழ்ச் சமூகம் இரண்டு விதமாக நடத்தி வந்துள்ளது. ஆசாரம் பேணும் வீடுகளில் அது ‘விழுப்பு’, அதாவது நீராடுமுன் உள்ள தூய்மைக் குறைவு ஒட்டிய துணியாகக் கருதப்பட்டுப் பூசையறைப் பக்கம் கொண்டுவரப்படுவதில்லை. அதே வீட்டில் குழந்தை பிறந்தால், புதுத்துணியை ஒதுக்கிவிட்டுப் பாட்டியின் பழஞ்சேலையையோ தாத்தாவின் நைந்த வேட்டியையோ கிழித்துத்தான் பச்சிளம் உடலைச் சுற்றுகிறார்கள். பலமுறை துவைத்த துணியின் மென்மை ஒரு காரணம், மூத்தோரின் ஆசி அதில் தங்கியிருக்கும் என்ற நம்பிக்கை மற்றொரு காரணம். பயன்பட்ட துணி முன்னதில் தீட்டாகவும் பின்னதில் ஆசியாகவும் கொள்ளப்பட்டாலும், பழைய பயன்பாடு துணியை விட்டு நீங்குவதில்லை என்ற எண்ணம் இரண்டுக்கும் பொதுவானது.

இவ்வெண்ணத்தை நியாய, வைசேடிகத் தருக்கம் வேறு கோணத்தில் அணுகியது. காரணத்துக்கும் காரியத்துக்கும் உள்ள உறவை விளக்க அத்தருக்கிகள் ஓயாது எடுத்தாண்ட எடுத்துக்காட்டே நூலும் துணியும்தான். நூல்கள் துணிக்குச் சமவாயி காரணம், அதாவது காரியம் பிரியாமல் ஒன்றியிருக்கும் காரணம். நூல்களின் சேர்க்கை அசமவாயி காரணம். தறியும் நெய்பவரும் நிமித்த காரணம். துணி என்பது நூல்களின் வெறும் குவியலன்று, முன்பு இல்லாது புதிதாகத் தோன்றிய முழுமை என்பது அவர்கள் கொள்கை. காரியம் தோன்றுமுன் இல்லை என்னும் இக்கொள்கை அசற்காரியவாதம் எனப்படும். இதன்படி விரிப்பை வெட்டிய அளவில் அம்முழுமை அழிந்துவிடுகிறது. தைத்து முடித்த போர்வை வேறொரு புதிய முழுமை. சாங்கியமும் சைவ சித்தாந்தமும் இதை மறுத்து, காரியம் காரணத்துள் முன்பே நுண்ணிலையில் உள்ளது என்னும் சற்காரியவாதத்தை நிறுவின. அவற்றின் நோக்கில் போர்வை விரிப்புக்குள் அடங்கியிருந்து பின்னர் வெளிப்பட்டது. பௌத்தர்களோ, உறுப்புகளுக்கு அப்பால் முழுமை என்று தனியே ஒன்று இல்லை என்றனர்.

முழுமையை ஏற்காத அப்பௌத்தமே வெட்டித் தைத்த துணியைத் துறவின் உடையாக்கியது என்பது கருதத்தக்கது. குப்பைமேட்டிலும் இடுகாட்டிலும் கிடந்த துணியைப் பொறுக்கித் தைத்த ‘பம்சுகூல’ உடையைத் தொடக்ககாலத் துறவியர் அணிந்தனர். மகத நாட்டு வயல்கள் வரப்புகளால் பகுக்கப்பட்டுக் கிடந்ததைக் கண்ட புத்தர், அவ்வமைப்பிலேயே சீவரம் என்னும் துறவாடையைத் தைக்குமாறு தம் சீடர் ஆனந்தரிடம் கூறியதாகத் துறவியர் ஒழுக்க நூலான விநயபிடகம் உரைக்கிறது. அவ்வாறு வெட்டப்பட்ட துணி துறவியர்க்குத் தகுதியானது, பிறர் கவர விரும்பாதது என்னும் காரணமும் அங்கே கூறப்படுகிறது. ஆக, வெட்டுதல் துணியின் சந்தை மதிப்பை வேண்டுமென்றே குறைக்கும் செயலாக அமைந்தது. மதிப்புக் குறைந்தாலும் பயன் குறையவில்லை.

அதே நூலில் வரும் மற்றொரு நிகழ்ச்சி இக்கருத்தை முற்றுவிக்கிறது. கொங்குவேளிரின் பெருங்கதையால் தமிழர் அறிந்த உதயண மன்னனின் தேவியர் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகளை வழங்கினர். இத்துறவி துணிக்கடை வைக்கப் போகிறாரா என்று சினந்த மன்னன், அத்தனை ஆடைகளையும் என்ன செய்வீர் என்று நேரில் வினவினான். ஆடை நைந்த துறவியர்க்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் ஆனந்தர். நைந்த பழைய ஆடைகள் மேல்விரிப்பாகும். பழைய மேல்விரிப்பு மெத்தையுறையாகும். பழைய உறை தரைவிரிப்பாகும். அதுவும் பழசானால் கால்மிதியாகும். பின்னர் தூசி துடைக்கும் துணியாகும். இறுதியில் அதையும் பொடியாக நறுக்கி மண்ணோடு பிசைந்து பூச்சுவேலைக்குப் பயன்படுத்துவோம் என்று விடைகள் தொடர்ந்தன. மன்னன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு ஆடைகளை அளித்தான்.

சைவத் தமிழிலும் கந்தைக்கு உயர்ந்த இடம் உண்டு. சேக்கிழார் பாடும் திருக்குறிப்புத்தொண்டர், காஞ்சிபுரத்தில் அடியார்களின் ஆடைகளை வெளுத்தளிப்பதையே தொண்டாகக் கொண்டவர். குளிர்காலத்தில் அழுக்கேறிய கந்தையோடு வந்த முதிய அடியார், குளிருக்கு இது ஒன்றே துணை, பொழுது சாயுமுன் தரவேண்டும் என்று கூறிக் கொடுத்துச் சென்றார். மழை விடாது பெய்ய, சொல் தவறியதைப் பொறாத தொண்டர் துணி துவைக்கும் கல்லில் தலையை மோத முனைந்தபோது இறைவனின் கை தடுத்தது. பட்டுக்கு நேராத பெருமை அக்கந்தைக்கு நேர்ந்ததற்குக் காரணம் அதன் பழமையோ அழுக்கோ அன்று. குளிரில் நடுங்கும் ஓர் உடலுக்கு அது தேவைப்பட்டது என்பதே.

ஒட்டு ஒன்றினாலேயே அறம் உண்டாகிவிடாது என்ற எச்சரிக்கையும் சமய மரபில் உண்டு. 11ஆம் நூற்றாண்டில் லாகூரில் வாழ்ந்த சூஃபி ஞானி ஹுஜ்வீரி, கஷ்ஃபுல் மஹ்ஜூப் என்னும் நூலில் ஒட்டுப்போட்ட அங்கியைப் பற்றித் தனி அதிகாரமே எழுதி, வறுமையால் தைத்த ஒட்டையும் பிறர் காண்பதற்காகத் தைத்த ஒட்டையும் வேறுபடுத்திக் காட்டினார். புதுப் பெட்ஷீட்டை வாங்கிப் போர்வைக்கென்றே வெட்டும் இக்காலப் பழக்கத்துக்கும் அவ்வேறுபாடு பொருந்தும். அகலமான விரிப்பு இணைப்பின்றி அடித்துணியாவதால் தையற்காரர் அதை நாடுவதில் தவறில்லை, அது கைத்தொழில். ஆனால் அதனைச் சிக்கனமென்றோ எளிமையென்றோ அழைப்பது ஹுஜ்வீரி கண்டித்த வேடத்துக்கு ஒப்பாகும்.

பழைய விரிப்பை வெட்டுபவர் முதலில் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார். உடல் புரண்ட நடுப்பகுதி சல்லடையாகி ஒளியை விடுகிறது. ஓரங்கள் இழை கெடாமல் இருக்கின்றன. நடுப்பகுதியை உள்ளடுக்குக்கு ஒதுக்கி, ஓரத் துண்டுகளை மேல்துணிக்கு எடுத்துக்கொள்கிறார். பழைய பருத்தித் துணி பலமுறை துவைத்துச் சுருங்கி முடிந்திருப்பதால், அது பிறகு சுருங்கிப் போர்வையைச் சுருக்குவதில்லை. புதிய துணியையோ முன்கூட்டியே நனைத்து உலர்த்த வேண்டும். மிக நெருக்கமாக நெய்த விரிப்பில் ஊசி எளிதில் இறங்காது, நைந்ததில் இறங்கும். இவ்வாறு முந்தைய பயன்பாடு துணியில் விட்டுச்சென்ற தேய்வே அடுத்த பயனுக்குத் தகுதியாகிறது.

எனவே பழைய பயன்பாடு புதிய பொருளைத் தொடர்கிறது என்பது உண்மை. ஆனால் அது தீட்டாகத் தொடர்வதில்லை, தேய்வாகவும் மென்மையாகவுமே தொடர்கிறது. விழுப்பு என்பது மனிதர் விதித்த ஒழுங்கு. துவைத்த நீரோடு அது போய்விடும். அறம் ஒட்டுப்போட்ட தோற்றத்தில் இல்லை, ஒரு துணியை முழுவதுமாகப் பயன்படுத்தித் தீர்ப்பதில் இருக்கிறது. அலமாரியில் நைந்த விரிப்பு கிடக்கும்போது வெட்டுவதற்கென்று புதியது வாங்குவோர் முதலில் அப்பழையதை எடுத்து வெட்டட்டும்.