ஒரே ஒரு செட் போதுமா?

ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர் வாரத்தில் ஆறு நாள், பல நாள் காலையும் மாலையும், செட் செட்டாகத் தூக்கி உடம்பை வளர்த்தவர். இன்னொரு பாடிபில்டரான மைக் மென்ட்சருக்கு அது வீண் வேலை. அவர் முறையில், மார்புக்குக் கைகளை விரித்துச் சேர்க்கும் பயிற்சி ஒரு செட். மூச்சு வாங்குவதற்குள் சாய்பெஞ்சில் பிரஸ் ஒரு செட். இனி ஒருமுறைகூட முடியாது என்ற நிலை வரை. பிறகு, வீட்டுக்குப் போய்விடலாம்.

மென்ட்சர், பகுத்தறிவைப் போற்றிய எழுத்தாளர் அயன் ராண்டின் தீவிர வாசகர். மனித உடலியல் எல்லோருக்கும் ஒன்றே, ஆகவே சரியான பயிற்சிமுறையும் ஒன்றாகத்தான் இருக்க முடியும் என்று வாதிட்டார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தசை எப்படி வளர்கிறது என்பது பொதுவிதியாக இருக்கலாம். எத்தனை செட்டில் என்பதைத் தர்க்கம் சொல்லாது, அளந்துதான் பார்க்க வேண்டும்.

சாம்பியன்களைச் சாட்சிக்கு அழைத்தாலும் வழக்கு தீராது. பாடிபில்டிங்கின் உச்சப் பட்டமான மிஸ்டர் ஒலிம்பியாவை ஆர்னால்ட் ஏழு முறை வென்றார். குறைந்த செட்டில் உச்சம் தொட்ட டோரியன் யேட்ஸ் 1992 முதல் 1997 வரை ஆறு முறை.

அளந்து பார்த்தவர்களும் உண்டு. 2017-ல் ஆய்வாளர் பிராட் ஷோன்ஃபெல்ட் குழுவினர் 15 ஆய்வுகளைத் தொகுத்தனர். ஒரு தசைக்கு வாரம் 10 செட்டும் அதற்கு மேலும் செய்தவர்களுக்கு வளர்ச்சி சுமார் 9.8 சதவீதம், ஐந்துக்கும் குறைவாகச் செய்தவர்களுக்கு 5.4.

மென்ட்சரோ, சீடர்களின் முன்னேற்றம் நின்றபோதெல்லாம் ஓய்வு நாட்களைக் கூட்டினார். எந்த விளைவாலும் பொய்யாகாத கொள்கையை அறிவியல் என்பது கடினம். ஆனாலும் அந்த 5.4 சதவீதம் சும்மா இல்லை. வாரத்தில் ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காதவருக்கு மென்ட்சர் சொன்னதே தாராளம்.