நாலடி விலகல்

பழவேற்காட்டு ஏரியில் பூநாரைகள் கூட்டமாகப் பறந்ததைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. பறக்காமல் நாலடி விலகி நின்றனவே, அதுதான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

தை மாதக் காலை. முழங்கால் தண்ணீரில் நின்று, அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்றைச் சலித்துக்கொண்டிருந்தன. வலையைத் தோளில் போட்ட பெரியவர் ஒருவர் அவற்றை ஒட்டியே ஏரிக்குள் நடந்தார். ஓரத்தில் நின்றவை நாலடி விலகின. ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை. அவர் கடந்ததும் பழைய இடத்துக்கே வந்து மேய்ந்தன. பிறகு நானும் நண்பர்கள் இருவரும் கேமராவோடு கரையில் நடந்தோம். தண்ணீரில் கால்கூட வைக்கவில்லை. கழுத்துகள் நிமிர்ந்தன. அடுத்த நொடி தண்ணீரை மிதித்து ஓடி, மொத்தக் கூட்டமும் எழும்பிவிட்டது. நண்பர் ஒருவருக்கு நல்ல படம் கிடைத்தது.

பெரியவர் கரையேறியதும், “உங்களைக் கண்டா அதுங்களுக்குப் பயமே இல்லையாண்ணா?” என்று கேட்டேன்.

“அது பாட்டுக்கு மேயுது, நான் பாட்டுக்கு வலை போடறேன். இதுல என்னா சார் இருக்குது?”

ஆந்திரப் பக்கம் 1976-இலும் தமிழ்நாட்டுப் பக்கம் 1980-இலும் இந்த ஏரி பறவைகள் சரணாலயமானது. அதற்கு வெகுகாலம் முன்பே இங்குள்ள மீனவர்கள் ‘பாடு’ என்று முறை வைத்துத் தண்ணீரைப் பகிர்ந்துகொண்டவர்கள். இன்று உன் பாடு என்றால் நான் அங்கே வலை இறக்கமாட்டேன். அந்தப் பழக்கம்தான் பறவைக்கும் இடம் விடுகிறதோ என்று யோசித்தேன். அழகான கற்பனை, அவ்வளவுதான். இறாலுக்காக மனிதர்கள் அடித்துக்கொள்ளக்கூடாது என்று வந்த ஏற்பாடு அது. பூநாரை அதில் பங்காளி இல்லை.

சின்ன வயதில் எங்கள் வீட்டுக்குள் மோர்க்காரம்மா நேரே அடுக்களைவரை வருவாள். யார் பேச்சும் நிற்காது. மெட்ராஸிலிருந்து பெரியப்பா வந்தால் திண்ணையே எழுந்து நிற்கும். எங்களைப் பார்க்க ஆசையாகத்தான் வந்திருப்பார், பாவம். ஆனால் நாங்கள் நாங்களாக இருந்ததை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

சில பறவைகள் மனிதனின் கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கவனித்து அதற்கேற்ப நடந்துகொள்ளும் என எங்கோ படித்த ஞாபகம். எந்தப் பறவை என்பது மறந்துவிட்டது. அப்படியானால் பெரியவருக்கு அவை அஞ்சாததற்குக் காரணம் அவர் பார்க்காததுதானா? அவர் கண் தண்ணீரில், இறாலில். எங்கள் ஆறு கண்களும் பறவைமேல். வேட்டைக்கு வருகிறவனும் அப்படித்தானே பார்ப்பான்?

சரி, போகாமலே இருந்துவிடலாம் என்றால் அதுவும் ஒப்பவில்லை. பக்கத்திலுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் விரிவாக்கம் பற்றிய செய்தியை நான் நின்று படித்ததே இந்த ஏரியைப் பார்த்த பிறகுதான். பார்க்காதவனுக்கு அது வெறும் வரைபடம். ஆனாலும் என் அக்கறைக்கான செலவை ஒரு பறவை ஏன் தன் காலை உணவிலிருந்து கொடுக்க வேண்டும்?

ஒருவேளை அவருடைய நடை அவற்றுக்குப் பழகியிருக்கலாம். லுங்கியின் நிறமாகவும் இருக்கலாம். அடுத்த மார்கழிக்கு வா என்கிறார் படமெடுத்த நண்பர். இன்னும் பதில் சொல்லவில்லை.