கறுப்பு பெயிண்ட்

சித்தப்பாவின் அம்பாஸடர் 1972 மாடல், மார்க் 2. ஐம்பது வயதுக்கு நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒருநாள் பிரேக் போடும்போதெல்லாம் முன்னாலிருந்து 'கரக்' என்று ஒரு சத்தம். பானெட்டைத் திறந்து பார்த்தால் ரேடியேட்டர் தேன்கூட்டில் பிறைச் சந்திரன் மாதிரி ஒரு கீறல். ஃபேன் உரசியிருக்கிறது.

இந்தக் காலத்துக் கார்களில் ஃபேன் கரண்டில் ஓடுகிறது. அம்பாஸடரில் அப்படியில்லை. வாட்டர் பம்பின் மூக்கில் உட்கார்ந்துகொண்டு, பெல்ட் சுற்றினால் தானும் சுற்றும். அதாவது, ஃபேன் என்ஜின் கட்சி. ரேடியேட்டர் பாடி கட்சி. நடுவில் கொஞ்சூண்டு இடைவெளி. என்ஜினைத் தாங்குவது ரப்பர் மவுண்டிங். வருஷக்கணக்காக ஆயில் குடித்து அது பிளந்துவிட்டால், பிரேக் போட்டதும் வண்டி நிற்கும். என்ஜின் மட்டும் இன்னும் கொஞ்சம் முன்னால் போய்ப் பார்க்கும். வாட்டர் பம்ப் பேரிங் தேய்ந்தாலும் ஃபேன் ஆடும். என்ஜினை நிறுத்திவிட்டு இலையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் தெரிந்துவிடும். சித்தப்பா வண்டியில் பேரிங் கெட்டியாக இருந்தது. ஆக, குற்றவாளி மவுண்டிங்தான்.

ஆனால் மவுண்டிங் சத்தம் போடாது. சத்தம் போடுவது ஃபேன். எனவே தண்டனை ஃபேனுக்கு. (ஆபீஸ்களிலும் இதுதான் நடைமுறை என்பது உங்களுக்கே தெரியும்.) பட்டறையில் இலைகளைப் பின்பக்கம் தட்டி வளைத்தார்கள், ஓரத்தை அரத்தால் ராவினார்கள், மேலே கறுப்பு பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். சத்தம் போச்சு.

பழைய கார் பைத்தியமான என் நண்பர் ஒருவர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். சம்ப்புக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து ஜாக்கியால் என்ஜினை லேசாகத் தூக்கினார். ரப்பர் 'ஆ'வென்று வாயைப் பிளந்தது. "இலையை வளைச்சா காத்து இழுக்கறது குறையும், டிராஃபிக்ல சூடாகும். அது பரவாயில்லை. ராவினதுல பேலன்ஸ் போயிருக்கும். வளைச்ச இடத்துல விரிசல் விட்டு, ஓடும்போது ஒரு இலை பிச்சுக்கிட்டு வந்தா, எதிர்ல இருக்கறவன் மூஞ்சி என்னாகும்?"

சித்தப்பா அசரவில்லை. "விக்கப்போற வண்டிக்கு எதுக்குடா செலவு? வாங்கறவன் கேட்டா சொல்லுவேன். கேக்கலைன்னா?"

அந்தக் 'கேக்கலைன்னா'வுக்கு வயது ரெண்டாயிரத்துக்கு மேல். ரோம் நகரத்து சிசரோ கி.மு. 44-ல் இதை எழுதிவைத்திருக்கிறார். ஒருவன் வீட்டை விற்கிறான். படுக்கையறைகளில் பாம்பு வருவது அவனுக்கு மட்டும் தெரியும். சொல்ல வேண்டுமா? சொல்லாமல் இருப்பதும் மறைப்பதும் ஒன்றல்ல என்றார் டயோஜெனிஸ் என்ற தத்துவ அறிஞர் (பீப்பாயில் குடியிருந்தவர் அல்ல, இவர் பாபிலோன்காரர்). அவருடைய சீடர் ஆன்டிபேட்டர் முடியாது, சொல்லியே ஆகவேண்டும் என்றார். சிசரோ சீடர் பக்கம்.

நம் ஊர் சட்டம் குரு பக்கம் கொஞ்சம் சாய்கிறது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவில் ஒரு குதிரை வருகிறது. சீக்குக் குதிரை என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் ஏலத்தில் விற்றால் மோசடி இல்லை. வாங்குகிறவள், அப்போதுதான் மேஜரான சொந்த மகள் என்றால் மட்டும் சொல்ல வேண்டிய கடமை உண்டு. அந்நியனுக்கு ஒரு நியாயம், மகளுக்கு ஒரு நியாயம். படித்தபோது எனக்கு என்னவோ போலிருந்தது.

ஆனால் அதே பிரிவு, தெரிந்த விஷயத்தை வேண்டுமென்றே மூடி மறைப்பது மோசடி என்கிறது. அங்கேதான் பெயிண்ட் வந்து நிற்கிறது. அரம் பட்ட இடம் பளபளவென்று தெரிந்திருந்தால், வாங்குகிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று நாம் சும்மா இருக்கலாம். அவன் கண்ணை நாமே கட்டிவிட்டு, 'நீ ஏன் பார்க்கவில்லை' என்று கேட்க முடியுமா? பெயிண்ட் அடித்தது சித்தப்பா இல்லைதான். பட்டறைக்காரரும் துரு பிடிக்காமலிருக்க அடித்திருக்கலாம். அதனால் லாபம் யாருக்கு என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்க ஆள் வந்தார். முப்பது வயது இருக்கும். அவருடைய தாத்தாவிடம் இதே கலரில் ஒன்று இருந்ததாம். டிக்கி, டயர், ஆர்.சி. புக் எல்லாம் பார்த்தார். ஃபேனைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. விலை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. நான் சித்தப்பா முகத்தைப் பார்த்தேன். அவர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுங்க சார், சத்தம் கேக்கணும்" என்றார் அவர். சித்தப்பா சாவியைத் திருகினார். என்ஜின் பிடித்துக்கொண்டது. அந்த இளைஞர் ஆசையாகக் குனிந்து, ஃபேனுக்கு நேரே காதை வைத்தார்.

"தம்பி, தம்பி! தள்ளி நில்லுங்க!" சித்தப்பா என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி ஓடிவந்தார்.

"ஏன் சார்?"

சித்தப்பா கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பாக்கெட்டிலிருந்து பேனாக் கத்தியை எடுத்து, ஓர் இலையின் ஓரத்தில் பெயிண்ட்டைச் சுரண்ட ஆரம்பித்தார்.