யார் புறப்பட்டுச் செல்வது?

சீராக்கின் ஞான நூலின் முப்பத்தெட்டாம் அதிகாரத்தில் ஒரு கொல்லர் வருகிறார். உலையின் அனல் அவரது சதையை வாட்டுகிறது. சம்மட்டியின் ஓசை அவரது காதை அடைக்கிறது. அவரோ செய்பொருளின் வடிவத்திலேயே கண்ணாய் இருக்கிறார். இத்தகையோர் இல்லையேல் ஊரில் மக்கள் குடியிருக்க இயலாது என்று கூறும் ஆசிரியர், ஆயினும் நீதி வழங்கும் இடத்தில் இவர்களுக்கு இருக்கை இல்லை என்றும் கூறிவிடுகிறார். குருமடத்தில் இப்பகுதியைப் பயின்றபோது, மறைநூல் அறிஞரின் பெருமைக்கு ஒரு முன்னுரையாகவே நாம் இதைக் கொண்டோம். கொல்லரின் உடல் வாடுவது நம் கண்ணில் படவில்லை.

இன்று அக்கொல்லரின் இடத்தில் இருப்பவர் வெல்டிங் பட்டறைத் தொழிலாளி. மின்பொறியின் வெப்பத்தில் இரும்பும் வெல்டிங் ராடும் உருகுவதோடு நிற்பதில்லை. ஒரு பகுதி ஆவியாகி, காற்றில் குளிர்ந்து, நுண்ணிய துகள்களாகிறது. நாம் புகை என்று காண்பது இத்துகள்களையே. மூக்கில் கட்டிய கைக்குட்டை இவற்றைத் தடுப்பதில்லை. நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை இவை செல்கின்றன. துத்தநாகம் பூசிய குழாயைப் பற்றவைத்தவருக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும், மறுநாள் தணிந்துவிடும். பால் குடித்தால் சரியாகும் என்பது பட்டறைகளின் நம்பிக்கை. ராடில் உள்ள மாங்கனீசு காலப்போக்கில் நரம்பைத் தாக்கக்கூடும். துருப்பிடிக்காத எஃகின் புகையில் குரோமியமும் நிக்கலும் கலந்திருக்கின்றன. வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதே என்று 2017-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஐயத்துக்கிடமின்றி வகைப்படுத்தியது. அதற்கு முன்னர் ‘விளைவிக்கக்கூடும்’ என்ற அளவிலேயே அது நின்றிருந்தது.

இவற்றையெல்லாம் நாம் தேடிப் படித்தது காலம் கடந்த பின்னரே. நாம் முன்பு பணியாற்றிய பங்கில், திருவிழாவுக்கு முன் மணிக்கூண்டின் உட்புறத்தில் எஃகுக் கைப்பிடிகள் அமைக்க வேண்டியிருந்தது. பட்டறை முதலாளி நம் பங்கைச் சேர்ந்தவர், தாராள மனத்தினர். ஆலயத்தின் முன்கதவே அவர் அளித்த காணிக்கைதான். அவரிடமும் நாம் பேரம் பேசினோம். கொடியேற்றத்துக்குள் முடிய வேண்டும் என்று நெருக்கினோம். காற்றோட்டமற்ற அக்கூண்டினுள் தொழிலாளர் ஒருவர் நான்கு இரவுகள் வேலை செய்தார். அவருக்குப் பாலும் தேநீரும் வாங்கி அனுப்பினோம். அதில் ஒரு மனநிறைவும் கொண்டோம் என்பதை மறைப்பானேன்? முந்தைய ஆண்டுகளிலும் ஆலய வேலைகளுக்கு வந்தவர் அவரே.

சில ஆண்டுகளில் அவர் வேலைக்குச் செல்ல இயலாமல் படுத்தார். நுரையீரலில் புற்று என்றனர் மருத்துவர். எஃகுப் புகையின் குரோமியத்தைக் காரணமாய்க் குறித்தும் எழுதித் தந்தனர். அவருடைய மனைவி நம்மிடம் வந்தார். “சாமி, முதலாளி மேல கேஸ் போடலாம்னு தம்பி சொல்றான். போடலாமா?” என்று கேட்டார். “பொறுமையாய் இருங்கள் அம்மா, ஒரே பங்கு மக்கள், நான் பேசிப் பார்க்கிறேன்” என்றோம். முதலாளியிடம் பேசினோம். ஐயாயிரம் ரூபாய் நம் கையில் தந்தார். ஏழைகள் நிதியிலிருந்தும் சிறிது சேர்த்துக் கொடுத்தோம். சமாதானம் செய்துவிட்டதாக எண்ணினோம். ஓராண்டில் அம்மனிதர் இறந்தார்.

பங்கில் இருந்த வழக்கறிஞர் ஒருவர்தாம் பின்னர் நமக்குப் பாடம் எடுத்தார். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் விபத்துக்கு மட்டும் உரியதன்று. தொழிலால் வரும் நோய்களுக்கும் அதில் ஒரு பட்டியல் உண்டு. குரோமியத்தாலும் மாங்கனீசாலும் வரும் நோய்கள் அப்பட்டியலில் உள்ளன. அந்த வகை நோய் ஒருவருக்கு வந்து, அவர் அம்முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதங்களேனும் அத்தொழிலைச் செய்திருந்தால், நோய் தொழிலால் வந்தது என்றே சட்டம் கொள்ளும். இல்லை என்று மெய்ப்பிப்பது முதலாளியின் பொறுப்பு. பட்டியலில் இல்லாத நோயாயின் தொழிலாளியே மெய்ப்பிக்க வேண்டும். அச்சட்டம் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் அடக்கப்பட்டுவிட்டது. நாம் கூறும் நிகழ்ச்சி பழைய சட்டத்தின் காலத்தது. அப்போது கோரிக்கைக்கு இரண்டு ஆண்டுக் கெடு இருந்தது. நம் ‘பொறுமை’ அதில் பெரும்பகுதியைத் தின்றிருந்தது.

அன்றிரவு நாம் மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்தோம். பீடத்தில் காணிக்கை செலுத்த வருபவனைப் பற்றி ஆண்டவர் பேசும் இடம். எத்தனையோ முறை மறையுரையாற்றிய பகுதிதான். ஆனால் அங்கே ஆண்டவர் யாரைப் புறப்பட்டுச் செல்லச் சொல்கிறார்? மனத்தாங்கல் கொண்டவனையா? இல்லை. எவன்மீது சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டோ, அவனை. காணிக்கையோடு நிற்பவன்தான் அதை அங்கேயே வைத்துவிட்டு நடக்க வேண்டும். நாமோ நோயாளியின் மனைவியை நடக்கச் செய்தோம். காணிக்கை தந்தவரை இருந்த இடத்திலேயே இருக்க விட்டோம். நற்செய்தி யார்மீது சுமையை வைத்ததோ, ஒரு நாட்டின் சட்டமும் ஏறக்குறைய அவர்மீதே வைத்திருந்தது. அதை இடம் மாற்றி வைத்தது பங்குத்தந்தையாகிய நாம்.

வழக்குத் தொடுப்பது அன்புக்கு மாறானது என்ற எண்ணம் நம் மக்களிடையே ஊறிப்போயிருக்கிறது; ஊட்டியதில் நமக்கும் பங்குண்டு. புனித தோமா அக்குவினா தம் இறையியல் தொகுப்பில் ஈடுசெய்தலை அன்பின்கீழ் வைக்கவில்லை, நீதியின்கீழ் வைக்கிறார். ஒருவனுடைய உறுப்பைப் பறித்தவன் அதைத் திருப்பித்தர இயலாது. ஆயினும் இயலாமை கடனை அழித்துவிடாது, பணத்தாலோ மதிப்பாலோ இயன்ற அளவு ஈடு செய்தாக வேண்டும் என்பது அவர் கருத்து. அப்படியானால் அந்த ஐயாயிரம் ரூபாய் என்ன? கடனைத் தருமம் என்று பெயர் மாற்றிக் கொடுத்ததல்லவா? பெற்றுக்கொண்டவர் கைகூப்பி நன்றி சொன்னார் என்பதை நினைக்கையில் இன்றும் நாணுகிறோம்.

முதலாளி தரப்பின் வாதம் ஒன்றுதான்: அவர் பீடி புகைத்தவர். உண்மைதான், புகைத்தார். அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கான வெல்டிங் தொழிலாளர் நரம்பு நோய்க்காக, ராடு செய்த நிறுவனங்கள்மீது தொடுத்த வழக்குகள் 2003-இல் ஒகையோ மாநிலத்துக் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றில் சேர்க்கப்பட்டபோது, இந்தக் கைநடுக்கம் இப்புகையால்தான் வந்ததா என்பதே பெரும் போராட்டமாயிற்று. தனியொருவரின் நோய்க்கு இதுதான் காரணம் என்று விரல் நீட்டுவது அறிவியலுக்கும் கடினம். முதலாளியை நாம் கொடியவராகக் காட்ட விரும்பவில்லை. அவரும் இளமையில் அதே புகையைக் குடித்தவரே. ஆனால் ஐயம் எழும்போது அதன் இழப்பை யார் தாங்குவது என்பதே கேள்வி. பீடி இருந்தது என்பதால் மணிக்கூண்டு இல்லாமற் போய்விடுமா?

பட்டறையில் வருகைப் பதிவேடு இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. ஆறு மாத வேலையை எப்படிக் காட்டுவது? நம் பங்கின் கணக்குப் புத்தகத்தில் மூன்று ஆண்டுகளின் ரசீதுகள் இருந்தன: பட்டறையின் பெயர், வேலை, ஆள் பெயர், நாட்கள். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் சான்றாக அவற்றைக் கெடு முடியுமுன் வழக்கறிஞரிடம் கொடுத்தோம். ஆணையர்முன் சாட்சியும் சொன்னோம். இழப்பீடு வழங்க ஆணை பிறந்தது. முதலாளி அதன்பின் வேறு ஆலயத்துக்குத் திருப்பலிக்குச் செல்லலானார்.

இன்னொன்று மீந்திருக்கிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், நேரடியாக வேலை கொடுப்பவர், மறைமுகமாக வேலை கொடுப்பவர் என்று இருவரைப் பிரித்துக் காட்டுகிறார். பின்னவரை அவர் அரசு, சமூக அமைப்புகள் என்ற பரந்த பொருளில்தான் பேசுகிறார். எனினும் பேரம் பேசி விலையைக் குறைத்து, நாள் குறித்து நெருக்கிய நாம் அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றுகொள்ள முடியுமா? கூரைக்குக் கைப்பிடிச்சுவர் கட்டாதவன்மீது விழுந்தவனின் இரத்தப்பழி வரும் என்று இணைச்சட்ட நூல் எச்சரிக்கிறது. நாம் கைப்பிடி அமைத்தோம். அதை அமைத்தவருக்குக் கைப்பிடி இல்லை.

இதைப் பங்குப் பேரவையில் வைத்தோம். இனி இரும்பு வேலை திறந்த வெளியில் நடக்க வேண்டும், முடியாத இடத்தில் புகையை வெளியேற்றும் விசிறியும் தகுந்த முகக்கவசமும் மதிப்பீட்டிலேயே சேர்க்கப்பட வேண்டும் என்பதை எல்லாரும் ஏற்றனர். அக்குடும்பத்துக்குப் பங்கும் தன் பொறுப்பாக ஒரு தொகை தர வேண்டும் என்றபோது, சட்டம் நம்மிடம் கேட்கவில்லையே என்றார் ஒரு பெரியவர். இரவு பத்து மணி வரை பேசியும் முடியாமல், அப்பொருளை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தனர். அதற்குள் நமக்கு மாற்றல் வந்துவிட்டது.