வாயிற்படியும் அகிம்சையும்

சக்கர நாற்காலியில் இயங்கும் எம் தாய்மாமா திருநெல்வேலி இல்லத்திற்கு வந்தபோது, நால்வர் கூடி அவரைப் படிமேல் தூக்கினோம். உதவினோம் என்று மகிழ்ந்தோம், அவரோ தலைகுனிந்திருந்தார்.

கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் அவர்கள், தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தை நிறுவி, ஊனமுற்றோர் பலருக்கு வாழ வழி அமைத்தார். யாமோ ஒரு படிக்கு வழி காணவில்லை!

உயரத்தைப் போல் பன்னிரு மடங்கு நீளமிருந்தால் ஏற்றம் எளிதாகும். எனவே 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. நீளப் பலகைகள் இரண்டை நெடுகக் கீலால் இணைத்து, ஏடுபோல் மடியும் சாய்தளம் செய்தோம். இம்முறை அவர் தாமே சக்கரத்தை உருட்டி உள்ளே வந்தார்.

கவனமின்மையால் பிறர்க்கு விளையும் துன்பமும் இம்சையே என்பது நம் அறம். தூக்கிவிடும் கையினும், தூக்க வேண்டாதபடி செய்யும் கருத்தே மேலானது. அன்பர்கள் தத்தம் வாயிற்படியை ஒருமுறை நோக்குவார்களாக.