வரி கட்டுகிறவர் உடந்தையா?

பாவம் என்று ஒருவர் உறுதியாக நம்பும் காரியத்துக்கு அவருடைய வரிப்பணம் செலவானால், அந்தப் பாவத்தில் அவருக்கும் பங்கு உண்டா? அமெரிக்க நாடாளுமன்றம் இந்தக் கேள்விக்கு 1976 முதல் ஒரே பதிலைத்தான் சொல்லி வருகிறது. கருக்கலைப்பு பெண்ணின் அரசியலமைப்பு உரிமை என்று 1973இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மூன்றாண்டுகளில், இல்லினாய் மாநிலத்திலிருந்து தேர்வான ஹென்றி ஹைட் என்ற கத்தோலிக்க உறுப்பினர் நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் ஒரு பிரிவைச் சேர்க்க வைத்தார். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிக்கெய்டில், கூட்டாட்சி அரசின் பணத்தைக் கருக்கலைப்புக்குக் கொடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஹைட் திருத்தம் என்று பெயர் பெற்ற இது நிரந்தரச் சட்டம்கூட அல்ல. ஆண்டுதோறும் ஒதுக்கீட்டு மசோதாவோடு சேர்த்துப் புதுப்பிக்கப்படுகிறது. தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் விலக்கு உண்டு. வல்லுறவாலோ நெருங்கிய உறவினராலோ உண்டான கருவுக்கான விலக்கு இடையில் நீக்கப்பட்டு, 1993இல் திரும்பச் சேர்க்கப்பட்டது.

இந்தத் திருத்தத்தை ஆதரிப்பவர்களின் மனச்சாட்சி வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. காசோடு பழியும் கைமாறும் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. தின்பதற்காக வாங்குகிறவர் இல்லையென்றால் விற்கிறவரும் இருக்க மாட்டார் என்று புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லும்போது, கொலைப்பழி கத்தி பிடித்தவனோடு நின்றுவிடுவதில்லை. ஆனால் வள்ளுவர் கேள்வி கேட்பது வாங்குகிறவனை. அவன் விரும்பி வாங்குகிறான், வாங்காமலும் இருக்கலாம். வரி கட்டுகிறவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. ஹைட் சார்ந்திருந்த கத்தோலிக்க மரபே இந்த வேறுபாட்டை மிக நுட்பமாக ஆராய்ந்திருக்கிறது. பிறர் செய்யும் தீமையை விரும்பி அதற்குக் கைகொடுப்பது ஒன்று. விரும்பாமலே, தான் செய்யும் வேறொரு செயலால் தொலைவிலிருந்து அதற்கு உதவ நேர்வது இன்னொன்று. 18ஆம் நூற்றாண்டின் கத்தோலிக்க இறையியலாளர் அல்போன்ஸ் லிகோரி இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். முதலாவது எப்போதும் குற்றம். இரண்டாவதை எடைபோட, செய்கிறவர் எவ்வளவு அருகில் இருந்தார், அவருக்கு வேறு வழி இருந்ததா என்று பார்க்க வேண்டும். வரி கட்டாயமாக வாங்கப்படுகிறது, பொதுக் கருவூலத்தில் கலக்கிறது, அங்கிருந்து வேறொருவர் கையால் செலவாகிறது. முடிவை எடுப்பவரோ அந்தப் பெண். இதைவிடத் தொலைவான உடந்தையை நினைத்துப் பார்ப்பதே கடினம்.

அமெரிக்க நீதிமன்றங்களும் வரி விஷயத்தில் மனச்சாட்சிக்கு வழிவிட்டதில்லை. சமூகப் பாதுகாப்பு வரி தன் மதத்துக்கு விரோதமானது என்று ஆமிஷ் சமயத்தைச் சேர்ந்த ஒரு முதலாளி வாதாடினார். அவருடைய நம்பிக்கை உண்மையானதுதான் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் அரசு செலவிடும் விதம் தன் மதத்துக்கு ஒவ்வாது என்று ஆளாளுக்கு வரியை மறுத்தால் வரி முறையே நிலைக்காது என்று சொல்லி வழக்கைத் தள்ளியது. போரைப் பாவம் என்று நம்பும் குவேக்கர் கிறிஸ்தவர்களின் வரியும் படைச் செலவுக்குப் போகிறது. இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும்: நீதிமன்றம் விலக்கு தர வேண்டியதில்லை என்றாலும், எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிக்க மக்கள் பிரதிநிதிகளுக்கு உரிமை இல்லையா? உண்டு, மறுக்க முடியாது. ஆனால் அப்படிச் சொன்ன உடனே வாதம் மனச்சாட்சியை விட்டு நகர்ந்து அரசின் கொள்கையாகிவிடுகிறது. கொள்கை என்றால், அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்று கேட்டே ஆக வேண்டும்.

இதற்கு ஹைட் ஒளிவுமறைவின்றிப் பதில் சொன்னார். பணக்காரி, நடுத்தர வர்க்கத்துப் பெண், ஏழை என்று எல்லோரையும் தடுக்கவே விரும்புவதாகவும், கைக்குக் கிடைத்தது மெடிக்கெய்டு மசோதா மட்டுமே என்றும் 1977இல் அவையிலேயே கூறினார். கருவை முழு உயிராக நம்பிய ஒருவரின் நேர்மை அதில் இருக்கிறது. ஆனால் எல்லோருக்குமான அறம் என்று நம்புவதைக் காசில்லாதவள் மேல் மட்டும் சுமத்தினால், அது அறத்தின் வலிமையால் அல்ல, அவளுடைய வறுமையால் நடைமுறைக்கு வருகிறது. 1980இல் ஹாரிஸ் எதிர் மெக்ரே வழக்கில் திருத்தம் செல்லும் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பானது. வறுமை அரசு உண்டாக்கிய தடை அல்ல, எனவே அதை நீக்கும் கடமையும் அரசுக்கு இல்லை என்று நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் எழுதினார். பணம் தராதது தடை செய்வதாகாது என்ற இந்த வாதம், மெடிக்கெய்டு எதற்கும் பணம் தராத திட்டமாக இருந்தால் பொருந்தும். அதே திட்டம் அதே பெண்ணின் கர்ப்பகாலப் பரிசோதனைக்கும் பிரசவத்துக்கும் பணம் தருகிறது. ஒரு முடிவுக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு அரசு ஒதுங்கி நிற்பதாகச் சொல்ல முடியாது. திருத்தம் கத்தோலிக்கக் கோட்பாட்டைச் சட்டமாக்குகிறது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அது சரியே, திருட்டையும்தான் மதங்கள் கண்டிக்கின்றன. ஆனால் அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபையின் மகளிர் பிரிவும் இருந்தது. தன் மத நம்பிக்கையின்படி, கடவுள் முன் யோசித்து முடிவெடுக்கும் பெண்ணுக்கும் மனச்சாட்சி உண்டு என்ற அவர்கள் தரப்பை, வழக்காடும் தகுதி அந்த அமைப்புக்கு இல்லை என்று கூறி நீதிமன்றம் ஆராயாமலே விட்டது. கருவைச் சுமப்பவளின் மனச்சாட்சி இப்படிக் கேட்கப்படாமலே போனது எனக்கு இன்றும் பெரும் அநீதியாகவே படுகிறது.

மனச்சாட்சி வாதத்தைத் திருத்தமே முழுதாக நம்பவில்லை. கருவின் உயிர் எந்நிலையிலும் மீறக் கூடாதது என்றால், வல்லுறவில் உண்டான கரு மட்டும் எப்படி விலக்காகும்? தாயின் நிலைமைக்கும் எடை உண்டு என்று சட்டம் அங்கே ஒப்புக்கொள்கிறது. 2010ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டமும் இன்னொரு வழியைக் காட்டியது. மானியம் பெறும் தனியார் காப்பீடு விலக்குகளைத் தாண்டிய கருக்கலைப்பையும் உள்ளடக்கினால், அதற்காக மாதம் குறைந்தது ஒரு டாலரைத் தனியாக வாங்கித் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். காப்பீடு வாங்க முடிந்தவள் விஷயத்தில் தனிக் கணக்கு மனச்சாட்சியைக் காக்கும் என்றால், மெடிக்கெய்டில் இருப்பவள் விஷயத்தில் அது ஏன் போதாது?

கருவைக் காக்க விரும்புகிறவர்கள் அந்த வாதத்தை அதன் சொந்தப் பெயரிலேயே, எல்லாப் பெண்களுக்கும் பொதுவாக முன்வைக்கட்டும். 2022இல் உச்ச நீதிமன்றத்தின் டாப்ஸ் தீர்ப்பு அந்த அரசியலமைப்பு உரிமையை நீக்கிய பிறகு, மாநிலம் மாநிலமாக அந்த விவாதம் வெளிப்படையாகவே நடக்கிறது. வரி கட்டுகிறவரின் மனச்சாட்சியைக் காரணம் காட்டி ஏழைப் பெண்ணை மட்டும் தடுக்கும் இந்தப் பிரிவை, அடுத்த ஒதுக்கீட்டு மசோதாவில் நாடாளுமன்றம் கைவிட வேண்டும்.